ராம் விலை ஏறிய வருஷம்: வீட்டில் கட்டும் கம்ப்யூட்டர் பத்து வருஷம் உழைக்குமா?

2025-ஆம் வருஷத்தின் மத்தியில் சுமார் 100 டாலருக்கு விற்ற 32 ஜி.பி. ராம் ஜோடி, அதே வருஷம் டிசம்பர் மாதத்தில் 300 டாலரையும் தாண்டிவிட்டது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத இரண்டு தகடுகளுக்கு இந்த விலை! தங்கத்தின் விலையைத் தினந்தோறும் பத்திரிகையில் பார்த்துப் பெருமூச்சு விடுவது பெரியவர்களின் வழக்கம். அந்த மாதங்களில் வீட்டுப் பிள்ளைகளும் ராம் விலையைப் பார்த்து அப்படியே பெருமூச்சு விட்டார்கள். மாதாமாதம் சேர்த்த பணத்தைக் கொண்டு சென்னை ரிட்சி தெருவில் சாமான்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டில் தாமே ஒரு விளையாட்டுக் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்துகொள்ளலாம் என்று எண்ணியிருந்தவர்கள், போட்ட கணக்கைக் கிழித்துவிட்டு மறுபடி போட வேண்டியதாயிற்று.

போதாக்குறைக்கு, அதே டிசம்பரில் டாலருக்கு 90 ரூபாய் என்ற எல்லையையும் கடந்து ரூபாயின் மதிப்பு இறங்கியது. 18 சதவீத ஜி.எஸ்.டி. எப்போதும் உள்ளதுதான். வெளிநாட்டில் ஏறிய விலை, இங்கே வந்து சேருவதற்குள் மேலும் இரண்டு படி ஏறிக்கொண்டது.

விளையாட்டுச் சாமான்தானே, விலை ஏறினால் ஏறிவிட்டுப் போகிறது என்று சொல்வாரும் உண்டு. அது சரியல்ல. இரவில் விளையாடப் பயன்படும் அதே யந்திரத்தில்தான் பகலில் கல்லூரிப் பாடம் நடக்கிறது; கட்டிடப் படம் வரைவதும், கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவதும் அதில்தான். நடுத்தரக் குடும்பத்தில் இது ஓர் இருசக்கர வண்டியின் விலைக்குச் சமானமான செலவு. ஒரு தரம் வாங்கினால் எத்தனை வருஷம் உழைக்கும் என்ற கேள்வி, விலை ஏறியபோது முன்னைவிடப் பத்து மடங்கு முக்கியமாகிவிட்டது.

விலை ஏன் ஏறிற்று?

உலகில் உற்பத்தியாகும் ராம் சில்லுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மூன்றே கம்பெனிகளின் கையில் இருக்கிறது. தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ் இரண்டும், அமெரிக்காவின் மைக்ரான் ஒன்றும். செயற்கை அறிவுக்காகக் கட்டப்படும் ராட்சதக் கம்ப்யூட்டர் நிலையங்களுக்கு எச்.பி.எம். என்ற விசேஷ ரக நினைவகம் தேவைப்படுகிறது. இதைத் தயாரிக்க, சாதாரண ராமுக்கு வேண்டியதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கன் தகடு செலவாகிறது என்று மைக்ரானே கூறியிருக்கிறது. அதாவது, அங்கே ஒரு ஜி.பி. கூடினால் இங்கே மூன்று ஜி.பி. குறைகிறது. அந்த ரகத்தில் லாபமும் அதிகம். நெல் விளைந்த நிலத்தில் கரும்பு போட்டால் கூடுதல் வருமானம் என்று தெரிந்த விவசாயி என்ன செய்வாரோ, அதையே இந்த மூன்று கம்பெனிகளும் செய்தன.

2025 அக்டோபர் 1-ஆம் தேதி ஓபன் ஏ.ஐ. கம்பெனி, சாம்சங்குடனும் ஹைனிக்ஸுடனும் ஓர் உடன்பாட்டை அறிவித்தது. மாதம் 9 லட்சம் சிலிக்கன் தகடுகள் என்பது அதில் சொல்லப்பட்ட இலக்கு. முழுவதும் நிறைவேறுகிறதோ இல்லையோ, இந்த எண் வெளிவந்த மாத்திரத்தில் மற்றக் கம்பெனிகளும் கிடைத்ததை முன்கூட்டியே பிடித்துவைக்க ஓடின. பஞ்சம் வரப்போகிறது என்ற செய்தியே பாதிப் பஞ்சத்தைக் கொண்டுவந்துவிடும் என்பது ரேஷன் காலத்தைக் கண்டவர்களுக்குப் புதிதல்ல.

இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 3-ஆம் தேதி, மைக்ரான் மற்றோர் அறிவிப்பை வெளியிட்டது. 1996 முதல் சில்லறை வாடிக்கையாளருக்கென்று நடத்திவந்த குரூஷியல் என்ற வியாபாரத்தை விட்டு விலகுவதாகவும், 2026 பிப்ரவரி வரைதான் சரக்கு அனுப்பப் போவதாகவும் அது தெரிவித்தது. விற்ற சரக்குக்கு வாரண்டி தொடரும் என்று கூறியது ஓர் ஆறுதல். வீட்டில் கம்ப்யூட்டர் கட்டும் மனிதர் இந்தக் கம்பெனிகளின் கண்ணில் எத்தனை சிறியவர் ஆகிவிட்டார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இத்தகைய கிராக்கி முன்பும் வந்ததுண்டு. 1993 ஜூலையில் ஜப்பானின் நிஹாமா நகரில் சுமிடோமோ ரசாயனத் தொழிற்சாலை தீப்பற்றியது. சில்லுகளை மூடி முத்திரையிட உபயோகமாகும் பிசினில் உலகத் தேவையின் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வந்தது. ராம் விலை சில வாரங்களில் தாவியது. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி ஹார்டு டிஸ்க் விலை ஏறியது. 2013 செப்டம்பரில் சீனாவின் வூஷி நகரில் ஹைனிக்ஸ் ஆலையில் தீ விபத்து. இவையெல்லாம் விபத்துகள். தீ அணைந்தது, வெள்ளம் வடிந்தது, விலையும் இறங்கியது. 2025-இல் எந்த ஆலையும் எரியவில்லை. எல்லா ஆலையும் முழு மூச்சாக ஓடியும் போதவில்லை என்பதுதான் வேற்றுமை.

கம்பெனிகள் கூடிப் பேசி விலையை ஏற்றியிருக்குமோ என்ற சந்தேகமும் சிலருக்கு உண்டு. பூனைக்கு முன்பழக்கம் உண்டு என்பது உண்மைதான். 1999 முதல் 2002 வரை ராம் விலையைக் கூட்டுச் சேர்ந்து நிர்ணயித்த குற்றத்திற்காக அமெரிக்க சர்க்கார் தொடுத்த வழக்கில், 2005-இல் சாம்சங் 30 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஹைனிக்ஸ் கட்டியது 18.5 கோடி டாலர். ஆனால் இந்தத் தடவை விலையேற்றத்திற்கு அப்படிப்பட்ட காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. 2023-இல் ராம் விலை அதலபாதாளத்தில் விழுந்து, சாம்சங்கின் சில்லுப் பிரிவு மட்டும் சுமார் 15 லட்சம் கோடி வான் நஷ்டமடைந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. புது ஆலை கட்டுவதில் அவர்கள் காட்டிய தயக்கத்திற்கு அந்த நஷ்டமே போதுமான காரணம்.

மதர்போர்டுதான் வீட்டின் அஸ்திவாரம்

நிற்க. விலை ஏறியதற்குக் காரணம் தெரிந்துவிட்டால் பணம் வந்துவிடாது. வாங்குகிறவர் எதில் செலவழிப்பது, எதில் சிக்கனம் பிடிப்பது?

கடைக்குப் போகும் இளைஞர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது கிராபிக்ஸ் கார்டு. பிறகு பிராஸஸர். மிஞ்சியதில் மதர்போர்டு. நீண்ட நாள் உழைக்க வேண்டிய யந்திரத்துக்கு இந்த வரிசை தலைகீழ். மற்ற உறுப்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றலாம். மதர்போர்டை மாற்றினால் பெரும்பாலும் பிராஸஸரையும், சில சமயம் ராமையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். ராம் மும்மடங்கு விலை விற்கும்போது அது எத்தகைய தண்டச் செலவு என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு இரண்டு கம்பெனிகளின் சரித்திரமே சாட்சி. 2017 ஜனவரியில் இன்டெல் கம்பெனியின் 200 வரிசை மதர்போர்டு வாங்கியவர், அதே வருஷம் அக்டோபரில் வந்த அடுத்த தலைமுறைப் பிராஸஸரை அதில் பொருத்த முடியவில்லை. இரண்டிலும் முள் எண்ணிக்கை 1151 தான், வடிவமும் ஒன்றுதான். ஆனால் புதியது பழைய போர்டில் வேலை செய்யாது. ஒன்பது மாதத்தில் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

அதே 2017-இல் ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 ரக போர்டை, முதல் தலைமுறை ரைசன் பிராஸஸருடன் வாங்கியவரின் கதை வேறு. 2022-இல் அந்தக் கம்பெனி, தன் 5000 வரிசைப் பிராஸஸர்களைப் பழைய 300 வரிசை போர்டுகளிலும் போடலாம் என்று அனுமதி கொடுத்தது. அந்த ஏப்ரலில் வெளிவந்த 5800 எக்ஸ் 3டி என்ற பிராஸஸர், 64 எம்.பி. கூடுதல் இடைநினைவகத்தைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு வந்து, விளையாட்டில் அன்றைய முதல் தரமான யந்திரங்களோடு சரிக்குச் சரி நின்றது. ஐந்து வருஷப் பழைய போர்டு, பழைய ராம், புதுப் பிராஸஸர் மட்டும்!

இதனால் வந்த மற்றொரு நன்மையை அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராஸஸர்களின் பட்டியலில் முதல் தலைமுறை ரைசனும் இல்லை, 2017 ஜனவரியின் இன்டெல்லும் இல்லை. ஏ.எம்.4 போர்டுக்காரர் பிராஸஸரை மட்டும் மாற்றித் தப்பித்துக்கொண்டார். மற்றவர் போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

அதே கம்பெனியின் அடுத்த ரகமான ஏ.எம்.5, 2022 செப்டம்பரில் வந்தது. 2027-க்கும் அதற்கப்பாலும் ஆதரவு தொடரும் என்று 2024-இல் கம்பெனி வாக்களித்துள்ளது. அதில் டி.டி.ஆர்.5 ராம் மட்டுமே பொருந்தும். விலை ஏறியதும் முக்கியமாக அதில்தான் என்பது துரதிர்ஷ்டம். டி.டி.ஆர்.4-க்கு மாறிவிடலாம் என்றால், கம்பெனிகள் அதன் உற்பத்தியைக் குறைக்க முற்பட்டதால் 2025 மத்தியிலேயே அதுவும் ஏறத் தொடங்கிவிட்டது.

பிராஸஸர் என்பது கெடாத பொருள் என்றொரு நம்பிக்கை வெகுகாலமாக இருந்துவந்தது. 2024-இல் அதுவும் ஆட்டம் கண்டது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராஸஸர்கள் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தாமே கேட்டு வாங்கி, நாளடைவில் சீர்கெட்டன. அந்த ஆகஸ்டில் கம்பெனி திருத்தம் வெளியிட்டதோடு, வாரண்டியை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டியது. அந்த ரகத்தைப் பழைய மார்க்கெட்டில் மலிவாகக் கண்டு வாங்குகிறவர் பயோஸ் திருத்தப்பட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. திருத்தம், இனிமேல் கெடாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டதைச் சீராக்காது.

கிராபிக்ஸ் கார்டுக்கு ஆயுள் எழுதுவது யார்?

விளையாட்டுகளை எழுதும் கம்பெனிகள், வீட்டில் கட்டிய கம்ப்யூட்டரை மனத்தில் வைத்து எழுதுவதில்லை. டெலிவிஷன் பெட்டியுடன் இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் போன்ற யந்திரங்களே அவர்களுக்கு அளவுகோல். 2013 நவம்பரில் வந்த நான்காவது பிளேஸ்டேஷனில் 8 ஜி.பி. நினைவகம். 2020 நவம்பரில் வந்த ஐந்தாவதில் 16 ஜி.பி.; அதோடு வேகமான எஸ்.எஸ்.டி. சில வருஷம் பழையதற்கும் சேர்த்தே விளையாட்டுகள் வந்தன. பழையதைக் கைவிட்ட பிறகுதான் தலைவலி தொடங்கியது.

2020 அக்டோபரில் 499 டாலருக்கு வந்த என்விடியாவின் 3070 கார்டில் 8 ஜி.பி. நினைவகம். நான்கு மாதம் கழித்து 329 டாலருக்கு வந்த 3060 கார்டில் 12 ஜி.பி. வேகத்தில் முன்னதே கெட்டிக்காரன். ஆனால் 2023-இல் வந்த சில பெரிய விளையாட்டுகளில், படத்தின் நயத்தைக் கூட்டி வைத்தால் 8 ஜி.பி. போதாமல் வேகமான கார்டு திக்கித் திணறியது. மெதுவான கார்டு நிதானமாக நடந்துகொண்டே இருந்தது. கார்டின் நினைவகத்தைப் பிற்பாடு கூட்டிக்கொள்ள வழியில்லை. வாங்கும் அன்றே தீர்மானிக்க வேண்டிய விஷயம் அது.

இது தெரிந்தும், 2025 ஏப்ரலில் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜி.பி., 16 ஜி.பி. என்று இரு கார்டுகள் வெளிவந்தன. கம்பெனி அறிவித்த விலை 379 டாலர், 429 டாலர். 50 டாலர் வித்தியாசத்தில் நினைவகம் இரட்டிப்பு! பெட்டியின் மேலுள்ள பெரிய எழுத்தை மட்டும் படித்து வாங்குகிறவர் ஏமாந்து போவதற்கென்றே வைத்த பெயர் என்று சொன்னால் அது மிகையாகாது. சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்.

அதற்காக நினைவகம் ஒன்றே போதும் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 2017 மார்ச்சில் 11 ஜி.பி.யுடன் வந்த 1080 டிஐ, நீண்ட நாள் உழைத்த கார்டுக்கு எல்லாரும் காட்டும் உதாரணம். ஒளிக்கதிர் கணக்கைப் போடும் தனி உறுப்பு அதில் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம் வரிசை விளையாட்டும் அந்த உறுப்பு இருந்தே தீர வேண்டும் என்றன. 2025 அக்டோபருடன் அத்தலைமுறைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதையும் என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஆக, எட்டரை வருஷம். ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு இது தீர்க்காயுசு. வீட்டில் கட்டுகிறவர் பத்து வருஷக் கணக்கில் இரண்டு கார்டுகளுக்கு இடம் ஒதுக்கிக்கொள்வதே உத்தமம். இரண்டையும் நடுத்தர விலையில் வாங்கலாம். முதல் நாளே உச்ச விலைக் கார்டு வாங்குகிறவர், நான்கு வருஷம் கழித்து நடுத்தரக் கார்டு ஒன்று அதற்கு ஈடுகொடுப்பதைப் பார்த்து வருந்த நேரும்.

யாரும் கவனிக்காத எஸ்.எம்.பி.எஸ்.

மின்சாரத்தை வாங்கி எல்லா உறுப்புகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டிக்கு நம் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். கேபினட் வாங்கினால் கூடவே வருவதை வைத்துக்கொள்வது வழக்கம். லட்ச ரூபாய்ச் சாமானுக்கு ஆயிரம் ரூபாய்க் காவற்காரன்!

இந்தப் பெட்டியின் ஆயுள், உள்ளேயிருக்கும் கெபாசிட்டர்களைப் பொறுத்தது. அவற்றினுள் இருக்கும் திரவம் சூட்டினால் சிறுகச் சிறுக வற்றுகிறது. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியியல் நிபுணர்கள் கையாளும் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் பதினேழு வருஷம். 85 டிகிரிக்கென்று செய்த மலிவான ரகமோ, அதே 65 டிகிரியில் 8000 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நாலரை வருஷம்கூட வராது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒன்றுபோல்தான் இருக்கும். 2000-ஆம் வருஷத்தையொட்டி மட்டமான கெபாசிட்டர்கள் உலகெங்கும் புடைத்து வெடித்து லட்சக்கணக்கான மதர்போர்டுகளைக் கெடுத்ததை, அக்காலத்தில் ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர்கள் நன்கு அறிவார்கள்.

பெட்டியின் மேல் தங்கம், வெண்கலம் என்று 80 பிளஸ் முத்திரை இருக்கும். மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதற்கு அளித்த மார்க்கு அது. எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு அதில் மார்க்கு இல்லை. உழைப்பைப் பற்றிக் கம்பெனிக்கே உள்ள நம்பிக்கையை வாரண்டியில்தான் காணலாம்: பத்து வருஷம் எழுதிக் கொடுப்பவரும் உண்டு, ஒரு வருஷத்தோடு நிறுத்திக்கொள்பவரும் உண்டு. மின்னழுத்தம் நிலையில்லாத ஊர்களில் யு.பி.எஸ். ஒன்றும் சேர்ந்துகொண்டால் நலம்.

எஸ்.எஸ்.டி.யைப் பற்றி அத்தனை கவலை வேண்டாம். 1 டி.பி. கொள்ளளவுள்ள நல்ல ரகத்திற்கு 600 டி.பி. வரை எழுதலாம் என்று கம்பெனிகள் உத்தரவாதம் தருகின்றன. தினம் 50 ஜி.பி. எழுதினாலும் முப்பது வருஷத்துக்கு மேல் செல்லும். குளிரூட்டுவதற்குத் தண்ணீர் சுற்றும் அலங்காரக் குழாய்களைவிடக் காற்றாடியும் உலோகத் தகடும் கொண்ட சாதாரண ரகமே நீடித்து உழைக்கும். அதில் கெடக்கூடியது காற்றாடி ஒன்றுதான், அதையும் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். ஆறு மாதத்திற்கு ஒரு தரம் தூசி தட்டினால் அதுவே பெரிய உபகாரம்.

ராமுக்கு வழி

டி.டி.ஆர்.4 ராமுடன் ஏ.எம்.4 போர்டு ஏற்கெனவே வீட்டில் இருப்பவர், அதைத் தூக்கி எறியாமல் பிராஸஸரையும் கார்டையும் மட்டும் மாற்றிக்கொள்வதே இந்த விலைவாசியில் புத்திசாலித்தனம். பழைய மார்க்கெட்டில் துணிந்து வாங்கக்கூடிய சாமானும் ராம்தான். அசையும் உறுப்பும் வற்றும் திரவமும் இல்லாத அது அபூர்வமாகவே கெடுகிறது. கெட்டிருந்தால் ஓர் இரவுச் சோதனையில் தெரிந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் யார் இனாமாகக் கொடுத்தாலும் பழையதாக வாங்கக் கூடாது.

புதிதாக ஏ.எம்.5 யந்திரம் கட்டியே ஆக வேண்டியவர், 16 ஜி.பி. ராம் ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டுத் தொடங்கலாம். ஜோடியாகப் போடுவதைவிட வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இடைநினைவகம் அதிகமுள்ள எக்ஸ் 3டி ரகப் பிராஸஸர்களில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. எட்டு எட்டாக இரண்டு வாங்கினால் பின்னால் இரண்டையும் கழற்ற வேண்டிவரும். நான்காகப் போட்டால் டி.டி.ஆர்.5-இல் வேகம் வெகுவாக இறங்கிவிடும். வாங்கிய ராமின் மாடல் எண்ணைப் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வைப்பது அவசியம், பிற்பாடு அதே ஜாதியைத் தேடிப் பிடிக்க. அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தில் மைக்ரான் கட்டும் புது ஆலையிலிருந்து முதல் தகடு 2027 மத்தியில் வெளிவரும் என்று அந்தக் கம்பெனி கூறியிருக்கிறது. ஏ.எம்.5 போர்டுக்கு அப்போதும் ஆதரவு இருக்கும். அதுவரை இரண்டாவது ராம் துளை காலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.